மூன்றாம் வரிசைக்காரர்

பிசியோதெரபிஸ்டிடம் வருகிறவர்களில் பொய் சொல்லாதவர்கள் குறைவு. "நீங்க சொன்ன எக்சர்சைஸ் எல்லாம் தினமும் செய்யறேன்" என்பார்கள். தொடையை ஒருமுறை அழுத்திப் பார்த்தால் போதும், குட்டு உடைந்துவிடும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். சிட்னியில் டூங்கபி ஸ்டேஷனுக்கு எதிரே, ஒரு மளிகைக் கடைக்கும் கெமிஸ்ட் கடைக்கும் நடுவில் பதினெட்டு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். என்னிடம் திட்டு வாங்காத முழங்கால் அந்த வட்டாரத்தில் இருக்காது.

இந்த அங்கிள் சொன்ன பொய் வேறு ரகம். எக்சர்சைஸ் விஷயத்தில் அவர் சுத்தம். பத்து என்றால் பத்து, இருபது என்றால் இருபது. முழங்கால் ஏன் இப்படி ஆனது என்பதில்தான் பொய் சொன்னார்.

"கோயில்ல முழந்தாள் போட்டுக் கும்பிடுறனான் பிள்ளை. அதாலதான் நோகுது."

நெற்றியில் மூன்று கோடு விபூதி, பச்சைப் பிள்ளை மாதிரி முகம். நான் திருச்சிக்காரி; யாழ்ப்பாணத்து வழக்கம் எல்லாம் எனக்கு அத்துப்படி இல்லைதான். அதற்காக இப்படியா?

"எந்தக் கோயில் அங்கிள்? நானும் மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வாரா வாரம் போறேன். அங்க யாரும் ஒத்தைக் கால்ல மண்டி போட்டு நான் பாத்ததே இல்லையே."

"நான் பின்னுக்கு நிக்கிறனான். நீங்கள் கண்டிருக்க மாட்டியள்."

வலது முழங்காலில் மட்டும் தோல் தடித்துக் காய்த்திருந்தது. அதில் புல்லின் பச்சைக் கறை வேறு. நடக்கும்போது ஒரு தோள் தாழ்கிறதே என்று சட்டையைக் கழற்றச் சொன்னேன். தோள்பட்டை முழுவதும் சின்னச் சின்ன வளையத் தடங்கள், இடியாப்பத் தட்டை வைத்து யாரோ அழுத்தியது போல. அறுபத்தேழு வயது மனிதர். வீட்டில் யாராவது இவரைக் கட்டிப் போடுகிறார்களா? வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவியைத் தனியாக உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அன்ரி கைப்பையை மடியில் வைத்தபடி, கடைக்குப் பால் வாங்கப் போனார் என்கிற குரலில் சொன்னார்.

"உவர் ரோமன் ஆமிக்குப் போறவர்."

அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. சிட்னிக்கு வந்த புதிதில் அங்கிள் ஒரு அருங்காட்சியகத்தில் காவலாளியாக இருந்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரோமானியப் பொருட்களுக்கு மூன்று மாதம் காவல். காலையில் இருந்து மாலை வரை ஒரு பழைய தலைக்கவசத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது? எழுதி ஒட்டியிருந்த குறிப்புகளை எல்லாம் படித்தார். பிறகு நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தார். பிறகு, பழங்கால ரோமானியப் படைபோல வேடம் கட்டிப் பயிற்சி செய்து காட்டும் ஒரு குழு பிளாக்டவுன் பக்கத்துப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறது என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துகொண்டார். படைத்தலைவர் க்ரெக் வார நாட்களில் பிளம்பர். மற்றவர்களில் ஒரு கணக்காளர், ஒரு நர்ஸ், பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். தமிழர் என்று பார்த்தால் இவர் ஒருவர்தான்.

என்னிடம் குட்டு உடைந்த பிறகு அங்கிளுக்கு வாய் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அரைமணி நேரமும் எனக்கு ரோமானியப் பாடம்தான். அந்தக் காலத்துப் படை மூன்று வரிசையாக நிற்குமாம். முதல் வரிசையில் இளசுகள். இரண்டாவதில் நடுவயதுக்காரர்கள். மூன்றாவதில் இருப்பதிலேயே மூத்தவர்கள், நிறையச் சண்டை பார்த்தவர்கள், படையிலேயே பொறுக்கி எடுத்தவர்கள். அவர்களுக்கு த்ரியாரி என்று பெயர். முன்னால் சண்டை நடக்கும்போது இவர்கள் இடது காலை நீட்டி, வலது முழங்காலை மண்ணில் ஊன்றி, கேடயத்தைத் தோளில் சாய்த்து, நீண்ட ஈட்டியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் காத்திருப்பார்கள். உத்தரவு வராமல் எழக்கூடாது.

"முன்னுக்கு நிக்கிற ஆக்களுக்கு ஏலாமப் போனாத்தான் எங்களைக் கூப்பிடுவினம்" என்பார். 'எங்களை' என்றுதான் சொல்வார். "கூப்பிடாமலே சண்டை முடிஞ்சுதெண்டா அது நல்ல நாள்."

"அப்ப உங்க வேலை சும்மா இருக்கறதுதான்னு சொல்லுங்க."

"சும்மா இருக்கிறது லேசான வேலை எண்டு நினைக்கிறியளோ?"

இதை வாரம் ஒருநாள் விளையாட்டாக வைத்திருந்தால் பரவாயில்லை. மனிதர் வாழ்க்கை முழுவதையும் மூன்றாம் வரிசையில் நின்றுதான் நடத்தினார். கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார். ஏதாவது வாக்குவாதம் வந்தால் எல்லோரும் கத்தி ஓயும்வரை மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யாராவது "அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டால் மட்டும் எழுந்து இரண்டு வாக்கியம் பேசுவார். பெரும்பாலும் அதோடு வாக்குவாதம் முடிந்துவிடும். அதைவிடக் கடுப்பான சமாசாரம் உலகத்தில் உண்டா?

ஒருநாள் கிளினிக்குக்குப் பின்னால் என் கார் கிளம்ப மறுத்தது. மளிகைக் கடைக்காரர் வந்து பானட்டைத் திறந்து உற்றுப் பார்த்தார். கெமிஸ்ட் கடைப் பையன் வந்து தள்ளிப் பார்க்கலாமா என்றான். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி என்ன செய்வதாம்! நாற்பது நிமிடம் வெயிலில் நின்று எனக்குத் தலை சுற்றியது. அங்கிள் அத்தனை நேரமும் குட்டைச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன்.

"ஏன் அங்கிள், சும்மா தானே உக்காந்திருக்கீங்க, வந்து ஒரு கை பிடிக்கக் கூடாதா?"

"இந்தா வாறன்" என்று எழுந்தார். தன் கார் டிக்கியைத் திறந்து, பேட்டரிக்குப் பேட்டரி இணைக்கும் கேபிளை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது.

"இது உங்ககிட்ட அப்பவே இருந்துச்சா?"

"ஓம்."

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே!"

"அவை ரெண்டு பேரும் முயற்சி செய்து கொண்டிருக்கேக்க நான் எப்பிடி எழும்புறது பிள்ளை?"

அவரை அடிக்கலாமா, காலில் விழலாமா என்று இருந்தது.

இந்தப் பிடிவாதம்தான் முழங்காலையும் தின்றது. ஒரு பள்ளிக்கூடத்தில் இவர்களுடைய நிகழ்ச்சி. முன் வரிசைகள் சண்டை காட்டி முடித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பக்கம் யாரோ சாசேஜ் சுட ஆரம்பிக்க, வாசனை வந்ததும் படையே கலைந்து ஓடிவிட்டது. மூன்றாம் வரிசையை எழுப்பும் உத்தரவைக் கொடுக்க க்ரெக்குக்கு மறந்துபோயிற்று. வரிசையில் மற்றவர்கள் தாங்களாகவே எழுந்து போய்விட்டார்கள். இவர் மட்டும் பன்னிரண்டு கிலோ இரும்பு வளையச் சட்டையோடு, மைதானத்தின் நடுவில், மதிய வெயிலில், ஒற்றைக் கால் மண்டியிட்டு இருந்திருக்கிறார். இரண்டாவது ரொட்டியைக் கடிக்கும்போதுதான் க்ரெக் திரும்பிப் பார்த்தாராம். அடுத்த நாள் என்னிடம் வந்த முழங்கால் பலாப்பழம் போல வீங்கியிருந்தது.

"ஏன் எழுந்திருக்கல?"

"கூப்பிடேல்லையே."

அன்று நான் திட்டிய திட்டு பக்கத்துக் கடைவரை கேட்டது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, முடிந்ததும், "சரி பிள்ளை, இப்ப என்ன எக்சர்சைஸ்?" என்றார். அன்ரி பாவம். பழைய போர்வை ஒன்றை மடித்துத் தைத்து, இரும்புச் சட்டைக்கு அடியில் போட மெத்தை மாதிரி ஒரு உள்சட்டை செய்து கொடுத்தார். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூச வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, இந்த மனிதர் சமையலறையில் இருந்த நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்துச் சட்டை முழுவதும் பூசிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் காரணம் தெரியாமல் பசித்ததாம். கணக்காளர் என்ன வாசனை என்று கேட்க, இவர் அடுத்த வாரம் அன்ரி சுட்ட தோசை இருபதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

இப்போது அவர்கள் மெல்பேர்னில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அன்ரி போன் செய்வார். அங்கிள் பின்னால் இருந்து "பிள்ளையைச் சுகம் விசாரிச்சதெண்டு சொல்லு" என்பது கேட்கும். போனை வாங்கிப் பேச மாட்டார். நான் கேட்டால்தான் வருவார். நானும் விடாமல் கேட்பேன்.

அவர் போவதற்கு முந்தைய வருடம் அது நடந்தது. குழுவுக்குக் காப்பீடு கொடுக்கும் கம்பெனி ஒரு புது நிபந்தனை போட்டது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் முழுக் கவசத்தோடு இருபது நிமிடம் மண்டியிட்டு, யார் உதவியும் இல்லாமல் எழ முடியும் என்று மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் பொது நிகழ்ச்சிகளில் வரிசையில் நிற்க முடியாது. க்ரெக் நல்ல மனிதர். மாற்று வழியும் வைத்திருந்தார். வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கையசைக்கும் செனட் சபைப் பெரியவர் வேடம். எட்டு வாரத்தில் வருடாந்தரக் கண்காட்சி. அங்கிள் அந்தப் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"வெள்ளைத் துணியெண்டா நான் போகமாட்டன் பிள்ளை" என்றார். அதற்கு முன்னும் பின்னும் எதற்கும் 'மாட்டேன்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆறு வாரம் அவரைப் பிழிந்து எடுத்தேன். நாற்காலியில் உட்கார், எழு. படியில் ஏறு, மெதுவாக இறங்கு. கையை ஊன்றாதே. ஊன்றினால் முதலில் இருந்து எண்ணு. வீட்டில் சமையலறை மேசைக்குப் பக்கத்தில் நின்று செய்கிறார் என்றும், எண்ணிக்கை தப்பினால் தானே திரும்பத் தொடங்குகிறார் என்றும் அன்ரி சொன்னார். தொடையில் தசை ஏறியது. ஆனால் மூட்டுக்குள் தேய்ந்தது தேய்ந்ததுதான். அதற்கு நான் என்ன செய்ய?

ஐந்தாம் வாரம் சனிக்கிழமை காலை, முழுக் கவசத்தோடு கிளினிக்குக்கு வரச் சொன்னேன். வந்தார். தலையில் மூன்று நெட்டை இறகு செருகிய வெண்கலக் கவசம், உடம்பில் இரும்பு வளையச் சட்டை, கையில் ஆளுயரக் கேடயம். ஈட்டி கதவில் இடித்து, அதைச் சரித்து உள்ளே கொண்டுவரவே ஐந்து நிமிடம் ஆனது. தோள் வலிக்கு வந்திருந்த மதுரைக்கார அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா, ஷூட்டிங்கா?"

"ஓம்" என்றார் அங்கிள், பெருமையாக.

மண்டியிட்டார். இருபது நிமிடம் அசையவில்லை. நான் "எழுங்க" என்றேன். உடம்பு பாதிவரை வந்தது. வலது கால் நடுங்கியது. கை தன்னை அறியாமல் கட்டிலின் விளிம்பைத் தேடிப் பிடித்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் பார்த்தோம். அதே இடம், அதே நடுக்கம், அதே கை.

"இல்ல அங்கிள். முடியல. 'உதவி இல்லாமல்'னு என்னால எழுத முடியாது."

அவர் கட்டிலில் உட்கார்ந்து தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதன் இறகைச் சரி செய்துகொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. என் கோபமே எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

"எதுக்கு அங்கிள் இப்படி? ஒரு வேஷம்தானே? உக்காந்து கையாட்டினா என்ன கொறஞ்சு போகும்?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"என்ர அக்காண்ட கடைசிப் பொடியன், பிள்ளை. காது குத்தேக்க என்ர மடியிலதான் இருந்தவன். நான்தானே தாய்மாமன். பத்தொன்பது வயசில போராட எண்டு போனவன். முன்னுக்கு நிண்டவன். எல்லாரும் பொடியள்தான், பெட்டையளும்தான். பின்னுக்குத் திரும்பி வாறதுக்கு ஒரு வரிசை இருக்கேல்ல. பெரிய ஆக்கள் ஒருத்தரும் பின்னுக்கு நிக்கேல்ல."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கொழும்பில. வேலைக்குப் போய் வந்துகொண்டு." தலைக்கவசத்தைத் திருப்பி வைத்தார். "கூப்பிட்டிருந்தாப் போயிருப்பன் எண்டு கனகாலம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அது பொய். அவன் கடிதம் போட்டவன். மாமா ஒருக்கா வந்திட்டுப் போங்கோ எண்டு. நான் போகேல்ல."

காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் எடுக்கவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டேன்.

"நீங்கள் உதில பொய் எழுத வேண்டாம் பிள்ளை" என்று எழுந்தார். கட்டிலைப் பிடித்துத்தான் எழுந்தார். "போட்டு வாறன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே பூங்காவுக்குப் போனேன். போகாவிட்டால் தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டது. பரீட்சை நேரம் என்று பல்கலைக்கழகப் பிள்ளைகள் யாரும் வந்திருக்கவில்லை. நடுவயதுக்காரர்களும் இரண்டு பேர்தான். மூன்றாம் வரிசை மட்டும் முழுதாக இருந்தது. அங்கிளுக்கு ஒரு பக்கம் கணக்காளர், மறுபக்கம் முன்கூட்டியே ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது, கணக்காளருக்கு இடுப்பு சரியில்லை. ரயில் ஓட்டுநருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. க்ரெக் உத்தரவு கொடுத்தார். வரிசை எழுந்தது. நான் பெஞ்சில் இருந்து துள்ளி எழுந்தேன். ஒருவர்கூடத் தனியாக எழவில்லை! கேடயத்தோடு கேடயம் முட்டி, தோளோடு தோள் நெருக்கி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, முனகிக்கொண்டு, மொத்தமாக எழுந்தார்கள். அங்கிளின் கால் அப்போதும் நடுங்கியது. ஆனால் இரண்டு பக்கமும் ஆள் இருந்ததால் அவரும் மேலே வந்துவிட்டார்.

வீட்டுக்குப் போன கையோடு கடிதம் எழுதினேன். இவரால் தனியாக எழ முடியாது என்று முதல் வரியிலேயே எழுதினேன். இரண்டு பக்கமும் ஆள் நின்றால் பத்திரமாக எழுகிறார் என்று எழுதினேன். இந்த வரிசை சேர்ந்துதான் எழுகிறது, தனியாக எழ வேண்டிய தேவை இங்கே யாருக்கும் இல்லை, நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று முடித்தேன். க்ரெக் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஃபேர் இனஃப்" என்று கம்பெனிக்கு அனுப்பினார். கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது பதில் வந்தது. அவருக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றார்கள். கணக்காளரும் ரயில் ஓட்டுநரும் போட்டார்கள். அன்ரி போனில் இதைச் சொல்லிவிட்டு அழுதார். அந்த மனுசன் மூன்று இரவு குறட்டை விடவில்லை, இன்றைக்கு விடுகிறார் என்றார்.

கண்காட்சியில் நானும் அன்ரியும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். எதிரிப் படையாக வேறு ஊரில் இருந்து ஒரு குழு முகத்தில் நீலச் சாயம் பூசி வந்திருந்தது. பரீட்சை முடிந்து பிள்ளைகள் எல்லோரும் முதல் வரிசையில் இருந்தார்கள். அரும்பு மீசைகள், சடை பின்னிய இரண்டு பெண்கள். நன்றாகத்தான் சண்டை போட்டார்கள். பிறகு, ஏற்கெனவே பேசி வைத்தபடி, தோற்கத் தொடங்கினார்கள். இரண்டாம் வரிசை முன்னே போய்ப் பார்த்தது. அதுவும் தள்ளாடியது. அங்கிள் இத்தனை நேரமும் பின்னால் மண்டியிட்டு இருந்தார். கால் மரத்திருக்குமே, எழுவாரா என்று கயிற்றின் மேல் சாய்ந்து பார்த்தேன். அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

க்ரெக் கத்தினார். மூன்றாம் வரிசை எழுந்தது. நான் பூங்காவில் பார்த்தபோது இத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. இப்போது வயதானவர்கள் எழுந்து நின்றதும், நடுவில் ஆளுக்கு ஆள் ஒரு இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளிகள் வழியாக நடுவயதுக்காரர்களும் முதல் வரிசைப் பிள்ளைகளும் மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தார்கள். அவர்கள் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்து, பிறகுதான் முன்னால் கேடயத்தை மூட வேண்டுமாம். அங்கிள் ஈட்டியைக் கேடயக் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தன் பக்கமாக வந்த ஒவ்வொரு பிள்ளையின் முதுகையும் தொட்டுப் பின்னால் அனுப்பிக்கொண்டிருந்தார். மைதானத்து மைக், பறை மாதிரி ஒரு முரசு, கூட்டத்தின் கூச்சல், எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல் கேட்டது. அந்த மனிதர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"வா ராசா, வா. பின்னுக்குப் போ. நாங்கள் நிக்கிறம். போ ராசா, போ."

அன்ரி என் கையை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

கடைசியாக வந்தவன் செம்பட்டைத் தலைப் பையன், இருபது வயதுகூட இருக்காது. கவசம் கண்ணை மறைக்க, இடைவெளி தெரியாமல் தடுமாறினான். அங்கிள் அவன் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். அவனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. "தேங்க்ஸ், மேட்" என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் போய் நின்று மூச்சு வாங்கினான்.